பாலத்தடியில் அத்தர்

2003-இல் என் கணவருக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தது. ஜியோகேஷிங். முன்பின் தெரியாத யாரோ ஒரு பெட்டியை எங்கேயோ ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார்கள். நாம் ஜிபிஎஸ் கருவியோடு போய்த் தேட வேண்டும். உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, நம்முடையது ஒன்றை வைத்துவிட்டு வரலாம்.

"அடுத்த மாசம் கிரீன் கார்டு இன்டர்வியூ. அதுவரைக்கும் பேசாம வீட்ல கெடங்களேன்" என்றேன். கேட்டால்தானே!

நாங்கள் குடியிருந்த பிரிட்ஜ்வாட்டரிலிருந்து அரைமணி நேரம் டிரைவ் பண்ணி, சோளக்காட்டுக்கு நடுவே போன ஒரு குறுகலான சாலையில் இறங்கி நடந்தோம். ஈ காக்கை இல்லை. கடைசி வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் சருகு வாரிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. அடுத்திருந்த கல்பாலம் குதிரைவண்டிக் காலத்தது, அக்கரையில் மாவு மில் ஓடியது, பாலத்துக்குக் கல் சுமந்தது தன் கணவரின் பாட்டனார்கள் என்று கதை கதையாகச் சொன்னார். என் முக்காட்டின் நிறம் அழகாக இருக்கிறதாம். நான் குளிர்ந்தே போய்விட்டேன்.

பாலத்தடியில் கல் இடுக்கிலிருந்து இவர் இழுத்தது பச்சை நிற இரும்புப் பெட்டி. பட்டாளத்தில் தோட்டா வைக்கிற பெட்டியாம்! மழை புகாது என்பதால் இந்த ஆட்டக்காரர்களுக்கு அதுதான் இஷ்டமாம். உள்ளே கோலிக்குண்டும் குட்டிப் பொம்மைகளும் கிடந்தன. பதிலுக்கு வைக்க வேறொன்றும் இல்லாமல், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பூசிக்கொள்ளும் அத்தர் குப்பியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"அசையாதே!" என்று ஆங்கிலத்தில் ஒரு அதட்டல். பாலத்தின் மேல் போலீஸ்காரர்.

கையைத் தூக்கிக்கொண்டே விளக்கினோம். அவர் இறங்கி வந்து பெட்டிக்குள் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. குப்பியில் என்ன என்று கேட்டார். இவர் என்ன செய்தார் தெரியுமா? கல்யாண வீட்டில் விருந்தாளிக்குப் பூசிவிடுவோமே, அந்தப் பழக்கத்தில் மூடியைத் திறந்து, சிரித்துக்கொண்டே, போலீஸ்காரரின் புறங்கையில் தடவப் போனார்.

யா அல்லாஹ்! அடுத்த நொடி துப்பாக்கி இவர் நெஞ்சுக்கு நேரே. குப்பி கல்லில் விழுந்து உடைந்தது. சந்தன வாசனை குப்பென்று கிளம்பிய பிறகுதான் அந்த மனிதர் மூச்சு விட்டார். துப்பாக்கியை இறக்க அவருக்கு மனம் வர இன்னும் நேரம் பிடித்தது.

வயர்லெஸ்ஸில் எங்கள் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லி விசாரித்த பிறகு, போகலாம் என்றார். "ரிப்போர்ட் எழுதுவீர்களா?" என்று இவர் கெஞ்சலாகக் கேட்டார். புகார் வந்தால் எழுதித்தான் ஆக வேண்டுமாம்.

"யார் புகார் பண்ணது?" என்றேன். மேலே ஏறி வந்தால், போலீஸ் காருக்குப் பக்கத்தில் அதே அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தப்பாக நினைக்காதீர்கள், காலம் அப்படி இருக்கிறது என்றார். அதே சிரிப்பு! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவரோ குனிந்து, "தேங்க்யூ மேடம்" என்றார்.

காருக்குள் ஏறியதும் வெடித்தேன். "அவளுக்கு எதுக்குங்க தேங்க்ஸ்? உங்களச் சுட்டிருப்பான்!"

இவர் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

"நாளைக்கு யாராச்சும் வந்து நம்மளப் பத்தி அந்தம்மாகிட்ட விசாரிச்சா, நல்ல மனுசங்கன்னு சொல்லணும்ல?" என்றார்.