குஜிலியம்பாறை வழியில் இருபது நிமிடம்

காலையில் கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்குக் கடலை மூட்டை ஏற்றி வருகிறேன். குஜிலியம்பாறைக்கு முன்னால் ஒரு பெண் வண்டியை மறிக்கிறார். அவர் புருஷனைக் காட்டில் பாம்பு கடித்திருக்கிறது. இருவரையும் ஏற்றிக்கொண்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விடுகிறேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அந்தம்மா தூக்குவாளியை மேசையில் வைக்கிறார். உள்ளே செத்த விரியன்.

"எந்தப் பாம்புன்னு கேப்பீகள்ல, அதான் தேடி அடிச்சுக் கொண்டாந்தேன்."

"பாம்பைத் தேடுன நேரத்துல ஆளக் கொண்டாந்திருக்கலாம்லக்கா," என்கிறார் டாக்டர். அந்தம்மா புருஷன் பக்கத்தில் போய் நிற்கிறார்.

டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் நிறுத்துகிறார். இருபது நிமிடத்தில் உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தமாம்.

"ஊசி இருக்கா?" என்று கேட்கிறேன்.

"பிரிட்ஜுல இருக்குண்ணே. தேவைன்னா இங்கயே போட்டுருவேன்."

என் அண்ணனைப் பாம்பு கடித்தபோது பக்கத்தில் எங்கேயும் ஊசி இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதனால் நானும் நிற்கிறேன். கடிபட்டவர் சுவர்க் கடிகாரத்தையே பார்க்கிறார்.

இருபது நிமிடம் ஆனதும் டாக்டர் குழாயைச் சாய்க்கிறார். ரத்தம் ஓடவில்லை.

"உறைஞ்சிருச்சு. இருந்தாலும் நாளைக்கு வரைக்கும் இங்கதான் இருக்கணும். அப்பப்ப பாக்கணும்."

"அப்ப ஒரு டீ குடிக்கலாமா?" என்கிறார் கடிபட்டவர்.

"எனக்கு உசுரு போயி உசுரு வந்துருக்கு. இந்தாளுக்கு டீ கேக்குது பாரு!" என்று திட்டிக்கொண்டே அந்தம்மா பெஞ்சில் உட்காருகிறார். வந்ததிலிருந்து அவர் உட்காருவது இப்போதுதான்.