அம்புக்குறிக்கு எதிராக ஒரு சுற்று

அறுபத்தோராவது வயதில் நான் சைக்கிள் ஓடப் பழகியதற்கு என் முழங்கால்தான் காரணம். "நடையைக் குறைச்சுப்போட்டுச் சைக்கிள் ஓடுங்கோ, முழங்காலுக்குச் சுகமாயிருக்கும்" என்றார் டொக்டர். எனக்கு ஓடத் தெரியாது என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி அப்படிச் சொல்வதை அவர் அதுவரை கேட்டதில்லை போலும்.

உண்மைதான். என் வயதுப் பெண்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு மிதித்துப் போன காலத்தில் நான் பஸ்ஸில் போனேன். பிறகு வேலைக்கும் பஸ்தான். சாவகச்சேரி நீதிமன்றத்தில் நெடுங்காலம் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். கூண்டில் நிற்பவருக்குக் குற்றப்பத்திரத்தை வாசித்துக் காட்டி, "குற்றவாளியோ, சுற்றவாளியோ?" என்று கேட்க வேண்டும். செய்தேன் என்பவர் குற்றவாளி. செய்யவில்லை என்பவர் சுற்றவாளி. போக்குவரத்து வழக்கு நாட்களில் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். முக்கால்வாசிப் பேர் "ஓம் அம்மா, ஆனால்..." என்றுதான் தொடங்குவார்கள். அந்த "ஆனால்" எந்த வழக்கையும் அரை மணித்தியாலம் இழுத்துவிடும் என்பதால் அதை முளையிலேயே வெட்டிவிடுவேன். அத்தனை விபத்து அறிக்கைகளை வாசித்தவளுக்குச் சைக்கிளில் ஏறும் ஆசை எங்கிருந்து வரும்?

ஆசை வந்தது என் கணவருக்கு. மறுநாளே நீல நிறத்தில் ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "றோட்டிலை பழக்கிறது ஆபத்து. பூங்காவிலை பாதை போட்டிருக்கிறாங்கள், அங்கை பழகலாம்" என்றார்.

நகரத்துப் பூங்காவை அப்போதுதான் திருத்தித் திறந்திருந்தார்கள். நடுவில் குளம். குளத்தைச் சுற்றி நடைபாதை. அதற்கும் வெளியே, செவ்வரத்தை வேலியோரமாக, சிவப்பு மை பூசிய சைக்கிள் பாதை. வாசலில் ஒரு பலகை. அதில் பதினொரு விதிகள். கணவர் சைக்கிளுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பலகை முழுவதையும் வாசித்து, இரண்டு எழுத்துப் பிழைகளையும் கண்டுபிடித்தேன். ஐந்தாவது விதி எனக்குப் பிடித்திருந்தது. "சைக்கிள்கள் அம்புக்குறி காட்டும் திசையில் மாத்திரமே செலுத்தப்படல் வேண்டும்." சந்தேகத்துக்கு இடமில்லாத வசனம். நிலத்தில் வெள்ளை அம்புகள் வரிசையாகப் போயின. குளம் எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கும்படி சுற்ற வேண்டும். நடப்பவர்கள் மறுபக்கமாகச் சுற்றுவார்கள். எதிரே வரும் சைக்கிள் அவர்கள் கண்ணில் படட்டும் என்ற ஏற்பாடு.

விதிகளைக் காக்க ஒரு காவலாளி இருந்தார். கொழும்புத்துறைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் விசில். சிவப்புப் பாதையில் நடந்தால் ஒரு ஊதல், போனில் கதைத்துக்கொண்டு ஓடினால் இரண்டு ஊதல்.

முதல் இரண்டு நாளும் கணவர் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். "விட்டிடாதேங்கோ!" என்று நானும், "விடமாட்டன், முன்னாலை பாரும்" என்று அவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போனோம். அந்த இரண்டு நாளிலும் ஒரு சங்கதி தெரிந்தது. எனக்கு வலப்பக்கம் வளைக்க வரும்; இடப்பக்கம் வராது. இடது வளைவு வந்தவுடன் கை விறைத்துப் போகும். ஆயுள் முழுக்கக் கோயில்களை வலமாகச் சுற்றியதால் உடம்பு அப்படிப் பழகிவிட்டது என்று நான் சொன்னேன். பயம் என்று அவர் சொன்னார்.

மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் கரியரை விட்டுவிட்டார். அது தெரியாமல் நான் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டே போனேன். பதில் வரவில்லையே என்று யோசித்த நேரத்தில் வாசலடி வளைவு வந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஹாண்டில் மறுத்துவிட்டது. வாசலுக்கு முன்னாலிருந்த திறந்த வெளியில் வலப்பக்கமாக ஒரு பெரிய வட்டம் போட்டு, வந்த வழியே திரும்பிச் சிவப்புப் பாதையில் ஏறினேன். அதன்பிறகு வந்த வளைவெல்லாம் வலப்பக்க வளைவு. சைக்கிள் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போயிற்று. ஒவ்வொரு வெள்ளை அம்பும் என் முகத்துக்கு நேரே வந்து சக்கரத்துக்குள் மறைந்தது.

விசில் நிற்காமல் ஊதியது. அதுவரை யாரும் செய்யாத குற்றம் என்பதால் எத்தனை தரம் ஊதுவதென்று அவர் தீர்மானித்திருக்கவில்லை.

"அம்மா, எதிராலை போறியள்! நில்லுங்கோ!"

"நிப்பாட்டத் தெரியாது, தம்பி!"

காவலாளி என் பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் என் கணவர், "பிறேக்கைப் பிடியும்! பிறேக்கை!" என்று கத்தியபடி ஓடினார். பிறேக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பிடிக்க விரலை விரிக்க வேண்டும், விரித்தால் விழுந்துவிடுவேன். குளத்தடி வாங்கில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்த பென்சன்காரர்கள் நாலு பேர் எழுந்து நின்றார்கள்.

"வலமாத்தானே சுத்துறா, பிறகென்ன? அம்பைத்தான் பிழையாக் கீறிப்போட்டாங்கள்!" என்றார் ஒருவர்.

"ஐயா, உது கோயில் வீதியில்லை!" என்று காவலாளி ஓடியபடியே பதில் சொன்னார்.

அடுத்த வளைவில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. கட்டைக் காற்சட்டை போட்ட பெரிய உடம்புக்காரர். பெல்லை அடித்தார். நான் வேலியையே பார்த்தேன்; சைக்கிள் வளையாமல் நேரே வேலிப்பக்கம் போயிற்று. அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். இரண்டு பேரும் ஒரே செவ்வரத்தைப் பற்றைக்குள் போய் விழுந்தோம்.

அடியெதுவும் படவில்லை. தலையில் இலை, மடியில் இரண்டு பூ. அவர் முதலில் எழும்பி என்னைத் தூக்கிவிட்டார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் சாவகச்சேரிக் கோட்டிலை இருந்த அம்மா எல்லோ?"

ஓம் என்றேன். அதற்குள் காவலாளி மூச்சு வாங்க வந்து சேர்ந்து, விரலை நீட்டி, "அஞ்சாம் விதி அம்மா! அம்புக்குறிக்கு எதிராலை சைக்கிள் செலுத்தினது!" என்றார். நான் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வாசிக்கிற மாதிரியே இருந்தது.

உடம்புக்காரர் சட்டையிலிருந்த இலையைத் தட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"குற்றவாளியோ, சுற்றவாளியோ?"

"ஓம், ஆனால்..." என்று என் வாய் தானாகவே தொடங்கிவிட்டது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கும் உந்த 'ஆனால்' இருந்தது அம்மா. நீங்கள் விடேல்லை."

கதை அப்போதுதான் வெளியே வந்தது. பல வருடங்களுக்கு முன் சந்தையடியில் ஒருவழிப் பாதையில் எதிரே போனதாக அவரைப் பொலிஸ் பிடித்திருக்கிறது. கரியரில் பெரிய பலாப்பழமொன்று ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததாம். "மற்றப் பக்கம் திருப்பினால் பழத்தோடை நானும் விழுந்திருப்பன். அதைச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் வாயைத் திறக்க விட்டால்தானே?"

எனக்கு அந்த முகம் நினைவில்லை. எத்தனையோ பேரின் எத்தனையோ ஆனால்கள். திருப்ப முடியாமல் வந்த ஒருவரை நான் அப்படித் துரத்தியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. "இப்ப சொல்லுங்கோ, கேக்கிறன்" என்றேன். அவர் வாங்கில் உட்கார்ந்து பலாப்பழத்தின் நிறை, கயிற்றின் நீளம், பொலிஸ்காரரின் மீசை எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் ஆயிற்று. என் கணக்குப் பிழைக்கவில்லை. காவலாளியும் நின்று கேட்டார். அந்த நேரத்தில் சிவப்புப் பாதையில் யார் யாரோ நடந்து போனார்கள், விசில் ஊதவில்லை.

இடப்பக்கம் வளைக்க எனக்குப் பழக்கியவரும் அவர்தான். "வேலியைப் பாக்காதேங்கோ. போகவேண்டிய இடத்தைப் பாருங்கோ, ஹாண்டில் தானா வரும்" என்றார். என் கணவரும் இதைத்தான் மூன்று நாளாகச் சொன்னாராம். புருசன் சொல்லும்போது அது காதில் ஏறவில்லை. காவலாளி தன் பங்குக்கு, ஆட்கள் வரமுன்னம், காலை ஆறு மணிக்குப் புல்வெளியில் பழக அனுமதி தந்தார். புல்லில் சைக்கிள் ஓடக்கூடாது என்று எட்டாம் விதி சொல்கிறது. அதை நான் அவருக்கு நினைவூட்டினேன். "அது எனக்குத் தெரியும், நீங்கள் ஓடுங்கோ" என்றார்.

இரண்டு கிழமையில் அம்புக்குறி காட்டிய திசையில் ஒரு முழுச் சுற்று ஓடி முடித்தேன். இறங்கித் திரும்பிப் பார்த்தால், என் கணவர் வாங்கில் பென்சன்காரர்களோடு உட்கார்ந்து, அம்பை மாற்றிக் கீறச் சொல்லி ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"பாத்தனீங்களே?"

"எதை?"

"முழுச் சுத்து ஓடினனான்!"

"அட, நான் காணேல்லை. இன்னொருக்கா ஓடும், பாப்பம்" என்று மனுவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே திரும்பவும் ஏறி மிதித்தேன்.