ஆதாரம் இல்லை என்று எழுதியவர்

அம்பிகாவை முதலில் பார்த்தது ஆம்பூரில், ஒரு தோல் கம்பெனி வாசலில். நோட்டீஸ் பலகையைப் பார்த்தபடி தனியாக நின்றிருந்தார். எங்கள் ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண், புற்றுநோய் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று வாட்ச்மேன் சொன்னதும், பெருமையில் போய்ப் பேசாமல் இருக்க முடியவில்லை. அவர் சொன்ன கதை இது.

வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார் அம்பிகா. செல்களுக்கு ஞாயிறு கிடையாது. லீவு நாளிலும் போய் ஊட்டத்திரவம் மாற்ற வேண்டும். கண்டுபிடித்தது எதுவும் ரசாயனத்தில் வேலை செய்பவர்களுக்கு, தோல் கம்பெனி ஷெட்டுக்குள், போய்ச் சேரவில்லையே என்ற குறை அரித்தது. வேலையை விட்டார். வேலூரிலேயே சத்துவாச்சாரியில் மாடி அறை ஒன்றை எடுத்து, அறிவியல் கட்டுரை எழுதவும் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லவும் தொடங்கினார். முதல் வாரம் ஞாயிறு காலையில் பழக்க தோஷத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவரை வந்துவிட்டார். காத்திருக்க ஒரு செல்கூட இல்லை.

ஆய்வுக்கூடத்தில் புதன்கிழமைதோறும் அவர் எழுதியதைக் கூட வேலை செய்யும் நாலு பேர் படித்து, குறை சொல்லிக் கிழித்துப் போடுவார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது கிழிக்க ஆளில்லை.

தொடர்ந்து வேலை கொடுத்தது இந்த ஆம்பூர் கம்பெனி ஒன்றுதான். தோலுக்கு அடிக்கும் புதுப் பூச்சு பற்றித் தொழிலாளர்களுக்கு ஓர் அறிவிப்பு கேட்டார்கள். ஆராய்ச்சிக்காரர் கை, பழகியபடியே எழுதியது: “இதனால் புற்றுநோய் வரும் என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை.”

ஒரு மாதம் கழித்துப் போனபோது, ஸ்பிரே பிரிவில் ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை.

“மாஸ்க் எங்க செண்பகம்?” என்று அங்கே பூச்சு அடித்துக்கொண்டிருந்தவரைக் கேட்டார்.

“வேர்த்துக் கொட்டுதுக்கா. நீங்கதானே ஒண்ணும் ஆவாதுன்னு எழுதிட்டீங்க?”

“நான் எங்க அப்படி எழுதினேன்? இன்னும் யாரும் சோதிச்சுப் பாக்கலன்னுதான் அதுக்கு அர்த்தம்.”

“அடக் கடவுளே! அத அப்படியே எழுதறதுக்கு இன்னாக்கா? படிச்சவங்க பேச்சே பேஜாரு.” செண்பகம் சிரித்தார். அம்பிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராக மேனேஜர் இஷ்தியாக் அகமதுவிடம் போனார். “பாய், அந்த நோட்டீஸ எடுத்துட்டு வேற ஒட்டணும்.”

“மேடம், நீங்க எழுதினது ஒண்ணும் பொய் இல்லியே? இப்ப மாத்துனா ஜனங்க பயந்துடும். மேல எனக்குப் பதில் சொல்லி மாளாது. அப்புறம் உங்களக் கூப்பிட முடியாது, பாத்துக்குங்க.”

இந்த வேலையும் போனால் பேசுவதற்குக்கூட ஆளிருக்காது என்று அம்பிகாவுக்குத் தெரியும்.

“கூப்பிடாதீங்க பாய். ஒட்டிடுங்க.”

அவர் புதிதாக எழுதிக் கொடுத்தது: “இது ஆபத்தா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியும்வரை மாஸ்க் போடுங்கள்.” அந்தத் தாள் பலகையில் ஏறிய அன்றுதான் அவர் வாசலில் நின்றிருந்தது. சொன்னபடியே கம்பெனி பிறகு கூப்பிடவில்லை.

அம்பிகா இப்போதும் சத்துவாச்சாரி மாடி அறையில்தான் இருக்கிறார். பத்திரிகைகளுக்கு எழுதுகிறார், ஆலோசனை வேலை எப்போதாவது வரும். புதன்கிழமைகளில் எழுதியதை உரக்கப் படித்து, குறையையும் தானே சொல்லிக்கொள்கிறார்.