போன் செய்துவிட்டு வரவும்

என் அண்ணன் வீட்டு வாசலில் ஓர் அழைப்பு மணி இருக்கிறது. அதற்குக் கண் உண்டு, காது உண்டு, வாய் உண்டு. மூளை மட்டும் சிங்கப்பூரில் இருந்தது. அண்ணன் மகன் அங்கிருந்து வாங்கி அனுப்பியது அது. வாசலில் யார் நின்றாலும் அவன் போனிலும் அண்ணன் போனிலும் ஒரே நேரத்தில் படம் ஓடும். நேற்று வரை நெல் விளைந்து, இன்று நகர் என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்கும் தஞ்சாவூர்த் தெரு ஒன்றில், பகல் முழுக்கக் கதவைத் திறந்து போட்டிருக்கும் வீடுகளுக்கு நடுவே, இது பெரிய கௌரவம்.

அண்ணன் கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஆட்கள் இல்லாமல் போனதிலிருந்து அவருக்குப் பொழுது போகவில்லை. மணி வந்த பிறகு போயிற்று.

அம்மா அதே வீட்டின் உள்ளறையில் படுத்த படுக்கையாக இருந்தாள். மணியைப் பற்றி அவள் எதுவும் கேட்டதில்லை. அவளுக்கு இருந்தது ஒரே கவலை. நான் போகும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொல்வாள்: "என் தம்பி கோடி கொண்டாந்து போடாம என்னை வாசல் தாண்டித் தூக்கக் கூடாது." எங்கள் பக்கத்தில் ஒரு பெண் எந்த வீட்டில் எத்தனை காலம் வாழ்ந்து முடித்தாலும், கடைசியாக அவள் மேல் விழுகிற கோடி, அந்தப் புதுப்புடவை, பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டு வர வேண்டும்.

அந்தத் தம்பி, எங்கள் மாமா, நீடாமங்கலம் பக்கத்தில் விவசாயம் செய்கிறார். இந்த வீட்டுப் படியேறுவதை அவர் நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரச் சொல்லி அம்மா பெயரில் அண்ணன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்தான் காரணம். எதில் கையெழுத்துப் போட்டோம் என்று அம்மாவுக்குத் தெரியாது. சட்டப்படி சரிதானே என்பார் அண்ணன். சட்டப்படி சரிதான். அதைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

மணியைப் பொருத்த ஆள் வந்து சுவரைத் துளைத்தான். வீட்டுக்குள் இருந்த வைஃபை வாசல் வரை வரவில்லை. அதற்கு இன்னொரு பெட்டி வாங்கி நடுக்கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பெட்டி மணியை மறந்துவிடும். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டையும் மறுபடி அறிமுகம் செய்து வைப்பார். எங்கள் ஊரில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்பது ஊரறிந்த விஷயம்.

எதிர்வீட்டு முருங்கை மரம் ஆடினால், 'ஒரு நபர் வந்திருக்கிறார்' என்று அது சிங்கப்பூருக்குச் செய்தி அனுப்பியது. நிஜமாகவே நபர் வந்தால் சும்மா இருந்தது. மகன் அங்கிருந்து சொல்லச் சொல்ல, அண்ணன் கண்ணின் கோணத்தை மாற்றினார். முருங்கை மறைந்தது, எதிர்வீட்டுக் கூடம் தெரிந்தது. அந்த வீட்டுப் பெண்கள் சாப்பிடுவதும் தலை சீவுவதும் தெரிந்தது. அவர்கள் வந்து கேட்டார்கள். என் சுவர், என் கேமரா என்றார் அண்ணன். மறுநாள் அவர்கள் தங்கள் வாசலை மறைத்துப் பச்சை வலை கட்டினார்கள், பேச்சையும் நிறுத்தினார்கள். கோளாறு சரியாகிவிட்டது என்று அண்ணன் எனக்குப் போன் செய்து சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டர், மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த அண்ணன் மணிக்கும் வைத்தார். பொட்டு வைக்கிற இடம் நெற்றி என்று அவருக்குத் தெரியும். அந்த யந்திரத்தில் நெற்றி போல இருந்த ஒரே இடம் அதன் கண். சிங்கப்பூரில் படம் செக்கச்செவேலென்று தெரிந்தது. மூன்று நாள் வைத்தியம் நடந்தது. பெட்டியை அணைத்துப் போட்டார்கள். மணியை அழித்துப் புதிதாகப் பதிந்தார்கள். உதவி எண்ணில் பேசிய பெண், மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னாள். புதுப்பித்தார்கள். பிறகு அண்ணி கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே போனவள், போகிற போக்கில் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தாள்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்ததற்கு முடியவில்லை.

மணியை அழுத்தியும் யாரும் திறக்காவிட்டால், அதுவாகவே பதில் சொல்லும் வசதி இருந்தது. உள்ளே இருந்த பெண் குரலின் தமிழ் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. தன் குரலையே பதிவு செய்வது என்று முடிவெடுத்தார். கும்பாபிஷேக வசூல்காரர்கள், கடன் அட்டை விற்பவர்கள், பிள்ளைக்குச் சிபாரிசு கேட்டு வரும் தூரத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பதிலாக இருக்க வேண்டும். சட்டை போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்: "வணக்கம். முன்கூட்டியே போன் செய்யாமல் வருபவர்களைச் சந்திக்க இயலாது. தயவுசெய்து போன் செய்துவிட்டு வரவும்."

நான் செய்தித்தாள் வேலையில் காலம் தள்ளியவன் என்பதால் வாக்கியத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். சார்நிலைக் கருவூலத்து அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது என்றேன்.

"இதுல என்னடா தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்ல. ஆளே வராது."

"அதுக்குத்தானேடா வைக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் சும்மா வருகிறவர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. போன் செய்துவிட்டு வருகிறவருக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கும். ஆக, அண்ணன் யாருக்குப் பயந்து அதைப் பதிவு செய்தாரோ அவர்களைத் தவிர மற்ற எல்லாரையும் அது தடுக்கும். அதைச் சொன்னேன். அதற்குள் அவர் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

அம்மாவுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் நாள் உச்சி வேளையில் போய்விட்டாள். மாமாவுக்கு நான்தான் போன் செய்தேன். கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனை வைத்தார். வரமாட்டார் போலிருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு, "அப்ப கோடி?" என்றாள். அண்ணன் கேட்காதவர் போல ஐஸ் பெட்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

கணக்கு முடித்து உடலை வாங்கச் சாயங்காலம் வரை ஆனது. வீடு பூட்டிக் கிடந்தது. நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தோம். சிங்கப்பூர் விமான நிலையத்தில் டிக்கெட்டுக்கு நின்றுகொண்டிருந்த அண்ணன் மகன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். அப்பா போனை எடுக்கவில்லை, வாசலில் யாரோ வந்து போயிருக்கிறார், யார் சித்தப்பா இது என்று கேட்டிருந்தான்.

வேட்டி, சலவைச் சட்டை, கையில் துணிக்கடைப் பை. அந்தக் கண்ணின் வளைவில் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரிந்தது, ஆனாலும் மாமாதான். செருப்பை வெளிக் கேட்டிலேயே விட்டிருந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு மணியை அழுத்தினார். அண்ணன் குரல் வந்தது: வணக்கம், முன்கூட்டியே போன் செய்யாமல் வருபவர்களை. மாமா நிமிர்ந்து கதவைப் பார்த்தார். குரல் முடிந்தது. யாராவது வந்து திறப்பார்கள் என்று நின்றார். ஒருவேளை தன்னைத் தெரியவில்லையோ என்று எண்ணியவர் போல, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். மறுபடி அதே குரல், அதே வணக்கம். எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பச்சை வலை தொங்கியது. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவைப் பார்த்து, "நல்லதுப்பா" என்றார். போய்விட்டார்.

அண்ணனிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தார். அவர் முதலில் சொன்னது, ஒலி தெளிவாக இருக்கிறது என்று. பிறகு, "அது ஆட்டோ ரிப்ளைடா, நான் உள்ள இல்லன்னு தெரிய வேண்டாமா அவருக்கு?" என்றார். போன் செய்து விளக்கிவிடுகிறேன் என்று போனை எடுத்தார். மாமாவின் எண்ணை அவர் நோட்டீஸ் அனுப்பிய காலத்திலேயே தடுத்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. போன் செய்துவிட்டு வரச் சொல்லும் வீட்டில், அந்த ஒருவர் போன் செய்திருந்தாலும் மணி அடித்திருக்காது.

என் போனில் கூப்பிட்டேன். அத்தைதான் எடுத்தார். "இப்பத்தான் வந்தாங்க. சட்டையக்கூடக் கழட்டல. பையை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு கேட்டா பேச மாட்டேங்கிறாங்க" என்றார்.

நான் போய் அழைத்து வருகிறேன் என்று சொன்னேன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க போனா வர மாட்டாங்க. யாரு குரல் போகச் சொல்லிச்சோ அந்தக் குரல் போய்க் கூப்பிடட்டும்" என்றாள். அண்ணனைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

உடல் அண்ணியோடு வீட்டுக்குப் போனது. நானும் அண்ணனும் காரில் நீடாமங்கலம் போனோம். வழி நெடுக வயல்களில் தாளடி நெல் நட்டிருந்தார்கள். அண்ணன் போனில் மணியின் அமைப்புகளைத் தேடிக்கொண்டே வந்தார். பதிலை நிறுத்தும் இடம் கிடைக்கவில்லை. மகன் விமானத்தில் ஏறிவிட்டான்.

மாமா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மணி கிடையாது. அண்ணன் படிக்குக் கீழே நின்று சுவரின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்து அவருக்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. "மாமா" என்றார். சத்தம் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "யாருங்க?"

"நான்தான் மாமா."

"போன் பண்ணிட்டு வந்தீங்களா?"

அக்கா பிள்ளைக்கு மாமா மரியாதை போட்டுப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அது மெஷின் பேசுனது மாமா. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"குரல் யாரோடது?"

"என்னோடதுதான்."

"அப்ப நீ பேசுனதுதான்." குரல் இப்போது வாசலுக்குக் கிட்டத்தில் வந்தது. "சாவு வீட்டுல வாங்கன்னு சொல்ல மாட்டாங்க, எனக்குத் தெரியும். போயிட்டுப் போன் பண்ணிட்டு வாங்கன்னு சொல்ற வீட்ட இன்னிக்குத்தான் பாத்தேன்."

அண்ணன் தலைகுனிந்து நின்றார். விளக்கம் ஏதாவது சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை. "நீங்க கோடி போடாமத் தூக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க மாமா" என்றார். இது அவர் எழுதி வைத்துப் பேசியது அல்ல.

மாமா அதே சட்டையோடு, அதே பையோடு வெளியே வந்தார். அண்ணனைப் பார்க்காமல் காரில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். ரயில்வே கேட்டில் வழக்கம்போல மாட்டிக்கொண்டோம். ரயில் வருகிற வழியைக் காணோம். அப்போது மாமா, "கடைசியா என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார். அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வாசலுக்கு வந்து போகிற காக்கை முதற்கொண்டு படம் பிடித்து வைத்திருக்கும் வீடு அது. "அண்ணிக்குத் தெரியும் மாமா" என்றேன். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெருமுனையில் கார் நின்றதும் அண்ணன் முதலில் இறங்கி ஓடினார். மாமா படியேறும்போது யாராவது மணியை அழுத்தி, அது மறுபடி பேசிவிடும் என்ற பயம். அதற்கு வேலை இருக்கவில்லை. சடங்குக்குக் குழைத்த சந்தனத்தில் ஒரு கை அள்ளி அண்ணி அதன் கண்ணையும் வாயையும் சேர்த்து அப்பி, மேலே ஒரு துண்டையும் கட்டியிருந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் வாசலில் இருந்த பச்சை வலைதான் எங்கள் பந்தலில் ஒரு பக்க மறைப்பாகத் தொங்கியது.

மறுநாள் அண்ணன் மகன் வந்து சேர்ந்த பிறகு, தூக்குவதற்கு முன் மாமா கோடி போட்டார். சாதாரணப் பருத்திப் புடவை. மடிப்பைப் பிரித்து, கழுத்திலிருந்து பாதம் வரை கையால் நீவி விட்டார். சுருக்கம் போகிறதா என்று ஒரு பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு அம்மாவை வாசல் தாண்டித் தூக்கினார்கள்.

நோட்டீஸைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

கருமாதி முடிந்து மகன் ஊருக்குக் கிளம்பும் முன் மணியைக் கழுவிச் சரி செய்தான். பழைய பதிலை அழித்தான். அண்ணன் என்னைத் தனியாக அழைத்துப் புதிதாக ஒன்று எழுதித் தரச் சொன்னார். உறவினருக்கு ஒன்று, பொதுவானவர்களுக்கு ஒன்று, துக்க காலத்துக்குத் தனியாக ஒன்று. மரியாதையாக இருக்க வேண்டும், யார் மனமும் நோகக் கூடாது.

ஒன்றும் வேண்டாம் என்றேன். மணி அடித்தால் அடிக்கட்டும், நீங்கள் போய்த் திறங்கள்.

அண்ணன் அதை உண்மையாகவே யோசித்தார்.

"அப்ப ஒவ்வொரு தடவையும் எழுந்து போகணுமேடா" என்றார்.