அக்காவும் அவருடைய தெர்மோஸ்டாட்டும்

எங்கள் மலைமேல் குண்டூர் நாட்டில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த அக்கா அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவருடைய பழைய கார்தான் முதலில் வந்து நிற்கிறது. அக்காவைவிட வயதில் மூத்த வண்டி. வாங்கியவர் அக்காவின் கணவரான எங்கள் மாமா. அதிகாரம் முழுக்க அக்காவுடையது.

மலை ஏறும்போது என்ஜின் கொதித்தால் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து வைக்கும் சிறு சாமான் அது. அதில்லாத வண்டி மலைக்குளிரில் காலையெல்லாம் இருமும், பெட்ரோலையும் குடிக்கும்.

"கதவு இறுகிப்போச்சுன்னா வேற கதவு போடோணுங்க. கதவே இல்லாம ஊட்டுல இருப்பீங்களா?" என்று அக்கா அந்த மெக்கானிக்குகளிடம் சண்டைக்கே போவார்.

குறைந்த சூட்டிலேயே திறப்பதை வாங்குங்கள் என்று கடைக்காரர் சொன்னாலும், வண்டிக்கு உரிய அளவைத்தான் கேட்டு வாங்குவார். பால் சட்டியில் தண்ணீரைச் சுடவைத்து, புதுசை அதில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் கொதிப்பதற்குள் திறந்தால்தான் மாட்டவிடுவார். அதே சட்டியில் எங்களுக்குக் காபியும் வரும். வாயைத் திறக்காமல் குடித்தோம்.

நோய் முற்றி, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வேண்டவே வேண்டாம் என்றார் அக்கா.

"நம்ம வண்டியிலயே போயிரலாம் சாமி. ஊட்டுல கண்ணை மூடிக்கறேன்."

மாமா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிச் சில வளைவுகள் ஏறியதும் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. மாமா வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்தார். வீடு சேருமுன் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பின் இருக்கையில் படுத்திருந்த அக்கா சொன்னார்:

"ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸைத் தொட்டுப் பாரு கண்ணு."

"சில்லுனு இருக்குதுக்கா."

"அப்ப தெர்மோஸ்டாட் திறக்கல."  பிறகு மாமாவிடம், "ஏனுங்க, என்ஜின் ஆறுனதும் அதைக் கழட்டிப் போட்ருங்க" என்றார்.

"நீயா சொல்றே?"

"வண்டிய அப்பறம் பாத்துக்கலாங்க. நான் ஊட்டுக்குப் போவோணும்."

மாமா அழுதுகொண்டே போல்ட்டுகளைக் கழற்றினார். பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்தோம். அந்த வாரமே, தம் கட்டிலில், மாமாவின் கையைப் பிடித்தபடி அக்கா அடங்கினார்.

தோள் கொடுத்த உறவினர்களுக்கும், மருத்துவர்களுக்கும், நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அன்று வளைவில் நின்ற எங்களைப் பார்த்ததும் பைக்கைத் திருப்பி, காரவள்ளிக்கு இறங்கி, கழற்றும்போது கொட்டிப்போனதற்கு ஈடாக ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த கணவன் மனைவி இருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அவசரத்தில் உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அக்கா தம் வீட்டில் கண் மூடியது உங்களால்தான்.