தறி ஓடாத இடம்

லீவு நாளில் மலை, காடு என்று போய்வந்தால் மனசுக்கு நல்லது என்கிறார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அந்த நல்லது நெற்றியில் தையலோடு வந்தது.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். என் கணவர் என்னை அடித்ததெல்லாம் அந்தச் சத்தத்துக்குள்தான். நூல் அறுந்தால் அடி, சோறு ஆறினால் அடி. ஒருமுறை இரும்புக் கம்பியால் அடித்ததில் தோள் பிளந்தது. நான் அலறியது எதிர்வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை.

அமாவாசையன்று தறிக்கு லீவு. தெருவே அடங்கிக் கிடக்கும். அன்று மட்டும் அவர் கை நீளாது. சாமிக்குப் பயந்த மனுஷன் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

நாத்தனார்தான் சொன்னார்: "தறி சத்தத்துலயே கெடந்து அவனுக்கு மண்டை சூடாயிடுச்சிமா. லீவு நாள்ல மலைப்பக்கமா இட்டுகினு போ. எல்லாம் சரியாப் பூடும்."

அடி நின்றால் போதும் என்றிருந்தது எனக்கு. அடுத்த அமாவாசைக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு, திருத்தணிக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத ஒரு மலையடிவாரத்துக்கு வண்டியில் போனோம்.

சும்மா சொல்லக்கூடாது, இடம் அருமை. என் காதுக்குள் எப்போதும் இருந்த இரைச்சல்கூட அடங்கியது. அவரும் சிரித்தார். சாப்பாட்டைப் பிரித்தேன். ஊறுகாயை மறந்திருந்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். யாருமில்லை. அறைந்தார். விழுந்தவளின் முடியைப் பிடித்துப் பாறையில் மோதினார். ரத்தம் கண்ணில் இறங்கியது. நான் போட்ட கத்தல் மலையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. என் குரல் இவ்வளவு பெரிதா என்று இருந்தது.

புதர் மறைவிலிருந்து, ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் தழை பறிக்கும் துரட்டியோடு ஓடி வந்தார். "யார்ரா அது, பொம்பளைய அடிக்கிறது?"

என் கணவர் சட்டென்று முடியை விட்டுவிட்டார். முகமே மாறிவிட்டது. "ஒண்ணுமில்லீங்க, வழுக்கி வுழுந்துட்டா" என்றார் பணிவாக. கோபத்தில் தன்னை மறந்துவிடுவதாக எத்தனை முறை என்னிடம் அழுதிருக்கிறார்! பாவி, ஒரு நாளும் மறந்ததில்லை. யாருக்கும் கேட்காது என்று பார்த்துப் பார்த்தே அடித்திருக்கிறார்.

"வழுக்கல. அடிச்சான்" என்றேன். அதுவரை நான் அவரை அவன் என்று சொன்னதில்லை.

"ஆங், எனக்குக் கேட்டுச்சிமா" என்றார் அந்த அம்மா.

துரட்டியைக் குறுக்கே பிடித்தபடி ரோடு வரை என்னோடு வந்தார். என் அம்மா வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ரத்தத்தைப் பார்த்த கண்டக்டர், "எங்கனா வுழுந்துட்டியாமா?" என்றார்.

"இல்ல, என் புருஷன் அடிச்சான்" என்று கடைசி சீட் வரை கேட்கும்படி சொன்னேன்.