எழுந்திருக்காத கோமதியக்கா

கோமதியக்கா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். தென்காசியில் எங்கள் ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள் நல்லதோ கெட்டதோ எந்தச் செய்தியையும் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். "அக்காவுக்கு விடியக்காலம் நெஞ்சுவலி வந்துட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்று இலஞ்சியிலிருந்து அவள் தங்கை கடை போனில் சொன்னாள். வெளியே சாரல். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த கூட்டம் சேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு சேலையைக் கீழே நழுவவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் குத்தவைத்து அழுதேன்.

சேலையை நழுவவிடும் அந்த உபாயம் அக்கா கண்டுபிடித்தது. கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை நிற்கிற எங்களுக்கு, விழுந்த சேலையை மடிக்கிற நேரம்தான் உட்காரும் நேரம். பட்டென்றால் மடிக்க நேரமெடுக்கும், ஆகையால் பட்டையே தள்ளிவிடச் சொல்வாள். அவளுக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. ஒருநாள் நான் வலி தாங்காமல் புலம்பினேன். "ஏட்டி, இது நம்ம காலு. கடைக்கு வாடகைக்குத்தான் விட்டிருக்கோம், வித்துப்புடல" என்றாள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல்கள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அவற்றின்மேல் ஜாக்கெட் துணிப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். எந்தக் குடும்பத்தில் தங்கச்சிமாரைக் கால் வீங்கும்வரை நிற்கவைக்கிறார்கள் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அக்கா வாயால் கேட்கவில்லை. வார விடுமுறையன்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள்.

அதிகாரி வருகிறார் என்று எப்படியோ முன்கூட்டியே தெரிந்திருந்தது. காலையிலேயே பெட்டிகளை இறக்கி, உறையைக் கிழித்து, எங்களை உட்காரவைத்தார் மேனேஜர். அதிகாரி உள்ளே வந்தார், பின்னாலேயே அண்ணாச்சியும் வந்தார். பெரியவர்கள் வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்? அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். மேனேஜர் அந்த நொடியைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா சார், ஸ்டூல் போட்டாச்சு. இவங்கதான் உக்கார மாட்டேங்காங்க. நாங்க என்ன செய்ய?"

அப்போது சேலைப் பிரிவிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சார், நான் உக்காந்துதான் இருக்கேன். எழுதிக்கிடுங்க."

அதிகாரி போனதும் பெட்டிகள் மறுபடி ஸ்டூல்கள்மேல் ஏறின. மறுவாரம் அவளை வேலையைவிட்டு நீக்கினார்கள். அதிகாரியின் முன்னால் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாளாம். உட்காருகிறார்களா என்று பார்க்க வந்தவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது குற்றமாம். சட்டம் கொடுத்த ஸ்டூலைச் சட்டத்தின் கண்ணெதிரே பயன்படுத்தியவள் ஒருத்திதான், வேலை போனதும் அவளுக்குத்தான்.

தொழிலாளர் அலுவலகத்தில் நடந்த சமரசப் பேச்சில் அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். காலையில் கடைப் பூசை முடிந்ததும் எல்லா ஊழியர்கள் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வாராம். எங்களில் சிலரே, "கேட்டுட்டுப் போயேன்க்கா, வாய் வார்த்தைதானே" என்றோம். "திருடிட்டா மன்னிப்பு கேக்கலாம், பொய் சொல்லிட்டா கேக்கலாம். உக்காந்ததுக்கு என்னன்னுட்டி கேக்க?" என்றாள். வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. இழுத்து இழுத்துக் கடைசியில் அவள் பக்கம்தான் தீர்ப்பானது, வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கடைக்காரர்கள் உடனே மதுரை ஐகோர்ட்டுக்கு மேல்முறையீடு கொண்டு போனார்கள். ஒரு பெண்ணை உட்காரவிடாமல் தடுக்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடுவார்கள்.

அந்தக் காலமெல்லாம் அவள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் தரம் பிரித்தாள். ஒருமுறை பார்க்கப் போனேன். உள்ளிக் குவியலுக்கு முன்னால் சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "இங்கன சுகம்தான்ட்டி. உள்ளிக்கு மரியாதை தெரியாது பாரு" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நான் அங்கன திரும்ப வருவேன். ஒரு நாளாவது முழுசா அந்த ஸ்டூல்ல உக்காரணும்" என்றாள். அந்த ஒரு நாளைத்தான் அவளுக்குத் தராமல் இழுத்தடித்தார்கள்.

துட்டி கேட்க இலஞ்சிக்கு, அக்காவின் சாவு வீட்டுக்குப் போனோம். கடையை அடைக்கவில்லை, முறை வைத்துத்தான் அனுப்பினார்கள். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி ரோஜா மாலையோடு வந்தார், கூடவே மேனேஜர். துட்டி வீட்டில் யாரையும் 'வாங்க' என்று கேட்பதில்லை, எழுந்து வரவேற்பதுமில்லை. அது மேனேஜருக்கும் தெரியும். தெரிந்தும் எங்களைப் பார்த்துக் கையால் 'எழுந்திரி' என்று சாடை காட்டினார். பழக்கதோஷம், என் கால்கள் தாமாகவே தரையில் ஊன்றின. பக்கத்திலிருந்த எங்கள் கடை ராணி என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மாலையைப் போட்டுவிட்டு அண்ணாச்சி சுற்றிப் பார்த்தார். காலி நாற்காலி ஒன்றுமில்லை. நின்றுகொண்டே இருந்துவிட்டுப் போனார்.

அவளை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு என்னையும் வெளியே அனுப்பினால் அனுப்பட்டும். அக்காவின் போட்டோ ஒன்றுகூட என்னிடமில்லை. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அடக்கம் முடிந்த மறுநாள், சேலைப் பிரிவில் அவளுடைய ஸ்டூலின் மேலிருந்த பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் வந்து எதிரே நின்று முறைத்தார்.

"உக்காந்துதான் இருக்கேன் சார். எழுதிக்கிடுங்க" என்றேன்.